சக்களத்தியின் சக்கரங்கள்

கடைசல்காரர் அந்தப் பழைய காரை லாரியின் பின்னால் கயிறு கட்டி இழுத்து வந்து வாசலில் நிறுத்திய அன்றைக்கே அவருடைய மனைவி அதற்குச் சக்களத்தி என்று பேர் வைத்துவிட்டாள். வைக்காமல் என்ன செய்வாள்? கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளுடைய முகத்தைச் சேர்ந்தாற்போல ஒரு நிமிஷம் பார்த்ததில்லை. துருவேறிக் கதவு தொங்கிக்கொண்டிருந்த அந்த வண்டியையோ கைவிளக்கை வைத்துக்கொண்டு இண்டு இடுக்கு விடாமல் பார்த்தார்.

"பல்லு வேற போயிருக்கு போல உங்க ஆளுக்கு" என்று அவள் முன்பக்கத்துக் கம்பி வலையைக் காட்டினாள்.

"கட்டிடலாம்" என்றார் அவர், சிரிக்காமல்.

சொன்னபடி கட்டினார். பகலெல்லாம் பட்டறையில் ஊரார் வேலைக்கு இரும்பைக் கடைந்துவிட்டு, வேலை முடிந்ததும் அதே மெஷினில் சக்களத்திக்குக் கடைந்தார். கிடைக்காத பாகத்தையெல்லாம் தானே செய்தார். அவள் தையல் வேலை செய்கிறவள். பள்ளிக்கூடச் சீருடைகளும் ஜன்னல் திரைகளும் தைப்பாள். கடைசியில் வண்டியின் சீட்டுக்கு உறை தைக்கிற வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது. "சக்களத்திக்குத் துணி தைச்சுக் குடுத்த ஒரே பொம்பளை நானாத்தான் இருப்பேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே தைத்தாள். ஆனால் தையல் ஒன்றுகூடக் கோணவில்லை.

வண்டி ஓட ஆரம்பித்ததும் ஊரே திரும்பிப் பார்த்தது. நீண்ட மூக்கு, உயரமான சீட்டு, வழக்கத்துக்கு மாறாக எதிர்ப்பக்கமாகத் திறக்கும் பின்கதவு. எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சக்கரங்கள். சைக்கிளுக்கு இருப்பது போலக் கம்பிகள் பின்னிய சக்கரங்கள். விடுமுறை நாளில் அவர் அதை நாலு தெருவுக்குள் ஓட்டிவிட்டு வந்து துடைத்து மூடிவைப்பார். அவ்வளவுதான் அதன் பிழைப்பு.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கவாதம் வந்து வலது பக்கத்தை இழுத்துப் போட்டது. முழங்கால் மடங்க மறுத்தது. பேச்சு குழறியது. ஒரு வார்த்தை வந்தால் அடுத்த வார்த்தை வருவதற்குள் கேட்கிறவருக்கு மூச்சு முட்டும். வாரத்துக்கு மூன்று முறை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லை. கல்லுடைக்கும் குவாரிகளைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, அடுத்த நகரத்தில் இருந்தது.

வாடகைக் காரில் போய்ப் பார்த்தார்கள். மடங்காத காலோடு அந்தச் சின்னக் கதவுக்குள் அவரை நுழைப்பது என்பது ஜன்னல் வழியாக அலமாரியை ஏற்றுகிற மாதிரி. இரண்டு டிரைவர்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வருவதை நிறுத்தினார்கள். மூன்றாமவர் சீட்டில் வாந்தி பட்ட அன்றைக்கே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். ஆஸ்பத்திரி வண்டி நகர எல்லைக்குள் மட்டும்தான் வரும்.

அப்போதுதான் அவளுடைய தம்பி, மரக்கடையில் வேலை பார்க்கிறவன், வாசலில் மூடிக்கிடந்த வண்டியைப் பார்த்துச் சொன்னான். "அக்கா, இந்தப் பின்கதவு எவ்வளவு அகலமாத் திறக்குது பாரு. முன்சீட்டு ஒண்ணைக் கழட்டிட்டா மாமாவைப் படுக்கவச்சே ஏத்திடலாம்."

அவன் ஒரு பலகையை வழவழவென்று இழைத்து மெழுகு தேய்த்துக் கொண்டுவந்தான். சக்கர நாற்காலியிலிருந்து பலகை வழியாக அவரைச் சறுக்கினால் வண்டிக்குள் போய்விடுவார். ஓட்டுவது யார்? தம்பிக்கு வேலை நாளில் வர முடியாது. தையல்காரி, ஐம்பதை நெருங்குகிற வயதில், சக்களத்தியின் சாவியைக் கையில் எடுத்தாள்.

அவர் பின்னால் படுத்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தார். வாய் ஒத்துழைக்காதபோது இடது கையால் தரையில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் கியரை மாற்று. படபடவென்று தட்டினால் பிரேக். முதல் மாதம் முழுக்கப் படபடதான். எப்படியோ பழகிவிட்டாள். பழகிவிட்டோம் என்று நினைத்த வாரத்தில்தான் முதல் அடி விழுந்தது.

குவாரிக்கும் பாலத்துக்கும் நடுவில் பின்சக்கரம் ஒன்று பட்டென்று வெடித்தது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து குலுங்கி நின்றது. சக்கரத்தை எப்படிக் கழற்றுவதென்று அவளுக்குத் தெரியாது. அந்த வண்டியில் சாதாரண நட்டுகள் கிடையாது. நடுவில் இரண்டு காது வைத்த ஒரே பெரிய நட்டு. அதை அடித்துத் திருப்ப ஒரு செம்புச் சுத்தியல் உண்டு. அது வீட்டில், கட்டிலுக்கடியில் கிடந்தது. வெயிலில் நின்று போகிற வண்டியையெல்லாம் மறித்தாள். ஒரு லாரிக்காரர் இறங்கி இரும்புக் கம்பியால் முட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்மால ஆகாதும்மா" என்று போய்விட்டார். ஒரு வழியாகக் கல்லேற்றுகிற வேனில் அவரைத் தூக்கிப் போட்டு வீட்டுக்குத்தான் வர முடிந்தது. அன்றைய டயாலிசிஸ் போச்சு.

மறுநாள் காலையில் அவருக்கு மூச்சு விட முடியவில்லை. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. அவசரப் பிரிவில் சேர்த்து, குழாய் செருகி, பிழைக்க வைத்தார்கள். டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒரு தடவை தவறினதுக்கே இப்படி. இன்னொரு தடவை தவறவிடாதீங்க."

அவள் தலையாட்டினாள். எதை வைத்துத் தலையாட்டுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

வண்டியை மீட்டு வந்து தம்பி சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தான். வெடித்தது உள்ளே இருந்த டியூப். அவர் பல வருஷங்களுக்கு முன்னால் ஒட்டுப்போட்டு மாட்டியது. ரப்பர் அப்பளம் மாதிரி நொறுங்கியது. மற்ற சக்கரங்களில் இருந்ததும் அதே வயசு டியூப்கள்தான். அவள் தம்பியைக் கூட்டிக்கொண்டு நேராக டயர்க் கடைக்குப் போனாள்.

டயர்க்கடைக்காரர் பெருத்த உடம்புக்காரர். சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"டியூப் வெடிச்சா இப்படித்தாம்மா, ஒரே நிமிஷத்துல படுத்துக்கும். டியூப்லெஸ் அப்படியில்ல. ஆணி ஏறினாலும் காத்து மெதுவாத்தான் இறங்கும். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுத் திரும்பி வந்துகூட என்கிட்ட வரலாம்."

"அப்போ அதையே போடுங்க."

"முழுசாக் கேளுங்க. இது கம்பிச் சக்கரம். ஒவ்வொரு கம்பியும் ரிம்மைத் துளைச்சு உள்ள வருது. அந்த ஓட்டையெல்லாம் காத்து போற வழி. பசை பூசி அடைச்சுத் தரேன். எத்தனை நாள் தாங்கும்னு மட்டும் என்கிட்டக் கேக்காதீங்க."

மெதுவாக இறங்கும் என்ற ஒரு சொல்தான் அவள் காதில் ஏறியது. மீதியெல்லாம் வெளியே நின்றுவிட்டது. அவருக்கு மூச்சு திணறிய சத்தம் இன்னும் அவளுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டில் அவரிடம் சொன்னபோது அவர் தலையைப் பலமாக ஆட்டினார். "டி... டியூப். டியூப்தான்."

"உங்க டியூப்தான் உங்களைச் சாகடிக்கப் பாத்துச்சு."

"மேடு" என்றார். "மேடு... இல்ல."

"ரோட்டுல மேடு இல்லைன்னா நல்லதுதானே. பேசாமப் படுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு இடது கையால் கட்டிலைத் தட்டினார். அவளுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளப் பொறுமையும் இல்லை. அந்த வண்டி விஷயத்தில் அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். அவர் அப்படி நம்பி ஒட்டுப்போட்டு வைத்த டியூப் என்ன லட்சணம் என்று பார்த்தாயிற்று. டியூப்லெஸ் டயர் வாங்கி நாலு சக்கரத்துக்கும் மாட்டினாள். சண்டை போடத் தெம்பில்லாமல் அவரிடம், "சரி, நீங்க சொன்னபடி டியூப் போட்டாச்சு" என்று பொய் சொன்னாள்.

பசை ஒரு வாரம் தாங்கியது. அப்புறம் முன்பக்கத்து இடது சக்கரம் விடியும்போதெல்லாம் கொஞ்சம் தொங்கியிருக்கும். காலால் மிதிக்கிற பம்பு ஒன்று வாங்கி, அவர் எழுவதற்கு முன்னால் வாசலுக்குப் போய் மிதித்தாள். மூச்சு வாங்கும். நாளடைவில் மற்றச் சக்கரங்களும் சேர்ந்துகொண்டன. மிதித்துவிட்டு வந்து அவருக்கு முகம் கழுவிவிட்டு, உடுத்தி, பலகையில் சறுக்கி, ஏற்றி, ஓட்டி, அங்கே காத்திருந்து, திரும்ப ஓட்டி வந்து, தையல் மெஷினில் உட்கார்ந்தால் கால் மெஷினையும் மிதிக்க மறுக்கும். ஒரு நாள் சீருடைச் சட்டை ஒன்றுக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டாள். அதைப் பிரிக்கும்போது அழுகை வந்தது. பிரித்து முடிக்கும்வரை அழுதாள். முடிந்ததும் சரியாக வைத்துத் தைத்தாள்.

பயம் போகவே இல்லை. இடம் மட்டும்தான் மாறியிருந்தது. முன்பெல்லாம் எப்போது வெடிக்குமோ என்று பயந்தாள். இப்போது எவ்வளவு இறங்கியிருக்கிறதோ என்று பயந்தாள். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி, "வண்டி சூடாயிருச்சு" என்று அவரிடம் சொல்லிவிட்டு இறங்கிச் சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்ப்பாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். ஒன்றும் கேட்க மாட்டார்.

பாலத்துக்கு முன்னால் ஒரு வளைவு. அன்றைக்கு எதிரே தண்ணீர் லாரி ஒன்று நடு ரோட்டில் வந்தது. அவள் சட்டென்று ஒடித்துத் திருப்பினாள். முன்சக்கரத்தில் டயர் ரிம்மை விட்டு உள்ளே நழுவியது. மெதுவாக எல்லாம் இறங்கவில்லை. புஸ் என்று ஒரே மூச்சில் காற்று மொத்தமும் போய்விட்டது. இரும்பு ரிம் ரோட்டில் உரசிக் கிறீச்சிட, வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் முட்டி நின்றது.

பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவர் படுத்திருந்த இடத்தை விட்டுச் சறுக்கி, கதவுக்கும் சீட்டுக்கும் நடுவில் கிடந்தார். ஊசி போடுகிற கை உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை ஒன்றாக இணைத்துத் தைத்த கை அது. அந்தக் கை போனால் எல்லாம் போன மாதிரி. அவள் முன்சீட்டைத் தாண்டி விழுந்து, அவரைப் புரட்டி, முழங்கைக்கு மேலே இரண்டு விரலை வைத்தாள். நல்லபடியாக இருந்தால் அங்கே தோலுக்கடியில் விர்ரென்று ஓர் அதிர்வு ஓடும். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அவளுடைய விரலே நடுங்கிக்கொண்டிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு விரலை அழுத்தினாள். அதிர்வு இருந்தது.

அப்படியே அவர் பக்கத்தில் வண்டித் தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"டியூப் போடலைங்க" என்றாள். "பொய் சொன்னேன்."

"தெ... தெரியும்."

"எப்படி?"

"பம்பு. காலையில... தெனம்... கேக்கும்."

"அப்புறம் ஏங்க ஒரு வார்த்தை கேக்கல?"

அவர் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. இடது கையால் அவளுடைய முழங்காலைத் தட்டினார், பொறு என்கிற மாதிரி. பாலத்தின்மேல் ஒரு பஸ் போய், அதன் சத்தமும் அடங்கிய பிறகுதான் வந்தது.

"கேட்டா... நீ... ஓட்ட மாட்டே."

அவ்வளவு நாளும் பின்னால் படுத்துக்கொண்டு, சக்கரம் எப்போது நழுவும் என்று தெரிந்துகொண்டே வந்திருக்கிறார் மனுஷன். அவளுக்குக் கையும் காலும் ஓடாமல் போய்விடக்கூடாதென்று வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறார். அவள் அவருக்குப் பயந்து பொய் சொல்ல, அவர் அவளுக்குப் பயந்து அதை நம்பியது போலக் கிடக்க, இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த வண்டியை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

அழுவதற்கு நேரமில்லை. இந்தத் தடவை செம்புச் சுத்தியல் வண்டியிலேயே இருந்தது. ஸ்டெப்னி சக்கரமும் இருந்தது, உள்ளே பழைய டியூபோடு. ஜாக்கியை வைத்துத் தூக்கினாள். நட்டின் காதில் அம்புக்குறி இருக்கும், அந்தப் பக்கம் அடி என்று அவர் உள்ளேயிருந்து துண்டு துண்டாகச் சொன்னார். அடித்தாள். நட்டு அசையவில்லை. வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டிக்கொண்டே அடித்தாள். யாரைத் திட்டினாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நட்டு இளகியது.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவருடைய மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார்.

"நேரத்துக்கு வரலைன்னா நான் என்னம்மா பண்றது?" என்றாள் சிஸ்டர். பிறகு அவளுடைய கறுப்பேறிய கையையும் அவருடைய சிராய்த்த நெற்றியையும் பார்த்தாள். "உக்காருங்க. சாயங்காலம் ஒரு இடம் காலியாகும். நான் பாத்துக்கறேன்."

மறுநாள் டயர்க்கடைக்காரர் ரிம்மைக் கையில் தூக்கி, அதன் உள்விளிம்பில் அவள் விரலை வைக்கச் சொன்னார். பக்கத்தில் ஒரு புதுக் காரின் ரிம்மையும் வைத்தார். புதியதில் விளிம்புக்கு உட்புறமாக ஒரு வரப்பு மாதிரி மேடு ஓடியது. டயர் உள்ளே நழுவாமல் தடுக்கிறது அதுதான். பழையதில் தடவினால் வழவழவென்று போனது.

மேடு இல்லை. அவர் சொன்ன மேடு இது.

"நீங்க இதைப் பாத்தீங்களா, இல்லையா?" என்று கேட்டாள்.

"பாத்தேம்மா" என்றார் டயர்க்கடைக்காரர். தலையைக் குனிந்துகொண்டார். "மெதுவாத்தானே ஓட்டப்போறீங்கன்னு விட்டுட்டேன். காத்து நிறைய இருந்தா நிக்கும். குறைஞ்சதாலதான் நழுவிருச்சு. நான் சொல்லியிருக்கணும்."

அவள் கத்தவேண்டுமென்றுதான் போயிருந்தாள். கத்தியிருந்தால் தன்னைப் பார்த்தும் கத்தவேண்டியிருக்கும். "இப்போ என்ன பண்றது, அதைச் சொல்லுங்க" என்றாள்.

டியூப்தான். ஆனால் அதுவும் லேசில் முடியவில்லை. மாட்டியிருந்த டயர்களின் உட்புறம் வரிவரியாக இருந்தது. டியூப் அதில் உரசி உரசித் தேய்ந்து ஓட்டையாகிவிடும். உட்புறம் வழுவழுப்பான டயராக, அதற்கு ஏற்ற டியூபாகப் பார்த்து வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றார்கள். வேறொரு கடையில் கொஞ்சம் பெரிய டியூபைத் திணித்துத் தருவதாகச் சொன்னார்கள். அவள் வீட்டுக்கு வந்து இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி சொன்னாள். "ம... மடியும். மடிஞ்ச இடத்துல... கிழியும்" என்றார். அவளுக்குப் புரிந்தது. துணியும் அப்படித்தான், மடிப்பில்தான் முதலில் இற்றுப்போகும்.

சாமான் வரும்வரை அதே சக்கரங்களில்தான் போய்வர வேண்டும். அந்த நாட்கள் எப்படிக் கழிந்தன என்று அவள் பிற்பாடு யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. இப்போது பம்பை ஒளித்து மிதிக்கவில்லை. அவருடைய ஜன்னலுக்கு நேராகவே மிதித்தாள், அவர் உள்ளேயிருந்து போதும், போதாது என்று தட்டினார். அந்த ஒன்றுதான் கொஞ்சம் லேசாக இருந்தது. வளைவு வரும்போதெல்லாம் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். வளைவு முடிந்ததும் இரண்டு மூச்சும் ஒன்றாக வெளியே வரும்.

டியூப் வந்தது. மாட்டுகிற அன்றைக்கு அவரையும் வண்டியோடு கடை வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்து வைத்தார்கள். கம்பிகளின் முனை டியூபைக் குத்தாமலிருக்க ரிம்மைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை போட்டார்கள். பட்டை அகலமாக இருந்ததால் ஓரம் மடிந்தது. தையல்காரி பையிலிருந்து தன் கத்தரிக்கோலை எடுத்து ஓரத்தை நறுக்கினாள். டயருக்குள் கையை விட்டுச் சுற்றிலும் தடவி, சொரசொரப்பாகத் தட்டுப்பட்ட ஓரிடத்தைத் தேய்க்கச் சொன்னாள். டியூபுக்குப் பவுடர் பூசி உள்ளே வைத்தார்கள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வண்டியைப் பார்த்தாரா அவளைப் பார்த்தாரா என்று அவள் கவனிக்கவில்லை. தம்பிதான் பிறகு சொன்னான், உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்று.

டியூப் போட்டதால் பஞ்சர் ஆகாமல் போய்விடவில்லை. குவாரி ரோட்டில் எந்த டயரும் தப்பாது. மழையில் ஒரு தடவை, வெயிலில் சில தடவை, இறங்கிக் கழற்றி மாட்டினாள். காற்று போகிறபோது சட்டென்றுதான் போனது. ஆனால் டயர் ரிம்மை விட்டு நழுவவில்லை. பாலத்தின் சுவரில் வண்டி திரும்ப ஒரு தடவை முட்டவில்லை. டயாலிசிஸுக்குத் தாமதமாகப் போனதுண்டு. போகாமல் இருந்ததில்லை.

அடுத்த மழைக்காலத்தின் முடிவில் அவருக்கு ரத்தத்தில் கிருமி ஏறியது. காய்ச்சலோடு சேர்த்தார்கள். டாக்டர்கள் மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். சக்கரத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அவள் தனக்குத்தானே பல தடவை சொல்லிக்கொண்டாள். ஒரு மத்தியானம் அவர் இறந்துபோனார். ஊசி போடுகிற கையில் அவள் விரல் இருந்தது. அதிர்வு நின்றதை டாக்டருக்கு முன்னால் அவள்தான் தெரிந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரியில் வேன் தருகிறோம் என்றார்கள். அவள் கேட்கவில்லை. "எப்படி வந்தாரோ அப்படியே போகட்டும்" என்றாள். தம்பியும் வார்டு ஆட்களுமாக அதே பலகையில் அவரைச் சறுக்கி வண்டிக்குள் வைத்தார்கள். தம்பி பின்னால் உட்கார்ந்து அவருடைய தலை ஆடாமல் பிடித்துக்கொண்டான்.

வண்டி பாலத்தைத் தாண்டியது. குவாரியை நெருங்கும்போது பின்சக்கரத்தில் காற்று போனது. அவள் ஓரங்கட்டி நிறுத்தினாள்.

"அக்கா, நீ உக்காரு. நான் வேற வண்டி ஏதாவது பிடிக்கிறேன்" என்றான் தம்பி.

"வேண்டாம். அவரைப் பிடிச்சுக்கோ. ஜாக்கி ஏத்தும்போது சாயும்."

இறங்கினாள். ஜாக்கியை வைத்து ஏற்றினாள். நட்டின் அம்புக்குறியைப் பார்த்து அடித்தாள். உள்ளேயிருந்து யாரும் எதுவும் சொல்லவில்லை, யாரும் தட்டவில்லை. அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதும் இல்லை. சக்கரத்தைக் கழற்றி உருட்டி வைத்துவிட்டு, ஸ்டெப்னியை மாட்டினாள். அப்புறம் சுத்தியலைப் பிடித்தபடியே வண்டிமேல் சாய்ந்து நின்றாள். தம்பி ஜன்னல் வழியாக அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதுகு குலுங்கியது. அவன் கூப்பிடவில்லை.

பிறகு அவள் நட்டை இறுக்கி, ஜாக்கியை இறக்கி, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"மெதுவாப் போலாம்க்கா" என்றான் தம்பி.

"மெதுவாத்தான்டா போறேன்" என்று வண்டியை எடுத்தாள்.